மொம்பாசா கோல்ஃப் மைதானமும் 2007-ன் ஓட்டமும்

வெள்ளி, நைரோபி

கென்யாவுக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் "மசாய் மாராவா?" என்றுதான் கேட்டார்கள். சிங்கமும் காண்டாமிருகமும் என் திட்டத்திலேயே இல்லை. நான் வந்திருப்பது மொம்பாசாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பார்க்க. இத்தனைக்கும் எனக்கு கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

2007 மார்ச் 24 அன்று அங்கேதான் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் நடந்தது. ஓட்டப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் இன்னமும் அந்த ஆண்கள் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும். பேசிப் பேசி அலுத்துவிட்டது. இடத்தையே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கிராஸ் கன்ட்ரி என்றால் ஸ்டேடியம், செயற்கைத் தடம் எதுவும் கிடையாது. புல், சேறு, மேடு, பள்ளம், அன்றைக்கு வானம் என்ன தருகிறதோ அது. ஆண்களுக்கு அப்போது 12 கிலோமீட்டர். தனி நபருக்கும் பதக்கம் உண்டு, அணிக்கும் உண்டு. அணியில் முதலில் வருகிற சிலர் பிடித்த இடங்களைக் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள். சர்வதேச அளவில் இது 1903-ல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க்கில் தொடங்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று நாலே நாடுகள். ஜெயித்தவர் ஆங்கிலேயர் ஆல்ஃபிரட் ஷ்ரப். 1973-லிருந்து உலகத் தடகளச் சம்மேளனம் அதை எடுத்து நடத்துகிறது.

ஹாமில்டன் பார்க் ஒரு குதிரைப் பந்தயத் திடல். இந்த விளையாட்டுக்கும் குதிரைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்க வேண்டும். 1980-ல் பாரிஸில் நடந்தது லோங்ஷாம் பந்தயத் திடலில். 1981-ல் மாட்ரிட், அங்கேயும் பந்தயத் திடல்தான். எத்தியோப்பியர்கள் முதன்முதலாக வந்த வருடம் அது. கடைசிச் சுற்று என்று நினைத்துக்கொண்டு ஒரு சுற்றுக்கு முன்னாலேயே பாய்ந்து முடித்தார்கள். இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று தெரிந்தபோது அமெரிக்கர் கிரேக் விர்ஜின் முந்திவிட்டார். அப்படியும் அணிப் பதக்கம் எத்தியோப்பியாவுக்குத்தான்.

கென்யா அணிக்கான தேர்வு ஓட்டங்கள் பல வருடங்களாக நடந்தது நைரோபியின் ங்கோங் குதிரைப் பந்தயத் திடலில். இன்று மாலை அதை வெளியிலிருந்து பார்த்தேன். பரந்த புல்வெளி, சுற்றி மரங்கள், ஜில்லென்ற காற்று. நைரோபி கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டல் மாடிப்படியில் நாலு மாடி ஏறியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. உலகப் போட்டியை இங்கே வைத்திருந்தால் சமவெளிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். மொம்பாசா கடல் மட்டம். யாருக்கும் அந்தச் சங்கடம் இல்லை. வேறு சங்கடம் இருந்தது, அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

சனி, ரயிலில்

நைரோபி–மொம்பாசா ரயிலில் ஏறுவது விமானம் ஏறுவதைவிடப் பெரிய வேலை. ஸ்டேஷன் வாசலில் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். மோப்ப நாய் ஒன்று வந்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போகிறது. என் பையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. நாய் அங்கே மட்டும் கொஞ்சம் நின்றது. காவலர் என்னைப் பார்த்தார், நான் நாயைப் பார்த்தேன். நல்லவேளை, அது அடுத்த பைக்குப் போய்விட்டது.

2017-ல் சீனர்கள் கட்டிக் கொடுத்த பாதை இது. பக்கத்திலேயே அங்கங்கே பழைய மீட்டர் கேஜ் பாதை தெரிகிறது. 1896-ல் தொடங்கி இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து ஆங்கிலேயர் போட்டது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். வழியில் இருக்கிற சாவோவில் பாலம் கட்டும்போது அவர்களில் பலரை இரண்டு சிங்கங்கள் தின்ற கதை ஊரறிந்தது. இன்று சாவோவில் சிங்கம் எதுவும் கண்ணில் படவில்லை, யானைகள் இருந்தன. அந்தச் செம்மண்ணில் புரண்டு புரண்டு செங்கல் நிறத்தில். சரி, சிங்கம் பார்க்காவிட்டாலும் இது போதும் என்று வீட்டுக்குப் படம் அனுப்பினேன்.

ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. ரயில் கீழே இறங்க இறங்க ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மாறியது. மொம்பாசாவில் ஏசி பெட்டியிலிருந்து கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்தால் மறுபடியும் ஆவி. சென்னையில் இருப்பவனுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் என் பக்கத்து சீட்டுக்காரர், எல்டோரெட் பக்கத்து மலைநாட்டு மனிதர், ப்ளாட்ஃபாரத்திலேயே கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். அவருக்கும் இது சொந்த நாடுதான்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக ஆட்டோ. இங்கே டுக்டுக் என்கிறார்கள். முகப்பில் டிவிஎஸ் என்று எழுதியிருந்தது. ஓசூர்க்கார வண்டி என்று டிரைவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு ஓசூரும் ஒன்றுதான், ஓஸ்லோவும் ஒன்றுதான். வாடகையில் ஒரு ஷில்லிங்கூடக் குறைக்கவில்லை.

ஞாயிறு, மாமா ஙினா சாலை

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மொம்பாசா ஒரு தீவு. அதன் தெற்கு முனையில் கடலை ஒட்டி மாமா ஙினா சாலை. ஒரு பக்கம் பவளப் பாறைச் சரிவு, அதற்குக் கீழே இந்தியப் பெருங்கடல், துறைமுகத்துக்குள் நுழையும் சரக்குக் கப்பல்கள். சாலை ஓரத்தில் பெருக்க மரங்கள். மன்னாரில் அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வார்களே, அதே மரம். பத்துப் பேர் கைகோத்தாலும் அடிமரத்தைச் சுற்றி வளைக்க முடியுமா என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மொம்பாசா மொத்தமும் குடும்பத்தோடு இங்கே இருந்தது. மரவள்ளிச் சீவலைக் கண்ணெதிரே எண்ணெயில் பொரித்து, மிளகாய்த் தூளும் உப்பும் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து காகிதத்தில் கட்டித் தருகிறார்கள். அப்புறம் இளநீர். பெருக்க மரத்து விதைகளுக்குச் சிவப்புச் சர்க்கரை பூசி விற்கிறார்கள். வாயில் போட்டால் புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது. நாக்கு சாயங்காலம் வரை சிவப்பு போகவில்லை.

இதையெல்லாம் ஒட்டியே இருக்கிறது மொம்பாசா கோல்ஃப் கிளப். 1911-லிருந்து இருக்கிறது. ஒன்பது குழி மைதானம், பெரியது என்று சொல்ல முடியாது. வரவேற்பு மேசையில் "விளையாட வரவில்லை, ஓரமாக நடந்து பார்க்க வேண்டும்" என்றேன். ஏன் என்றார்கள். 2007 என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி சிரித்துவிட்டு, புல் பராமரிக்கும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினார். இங்கே வயதில் மூத்தவரை 'ம்சே' என்று அழைப்பது மரியாதை. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மைதானம் தட்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரிய ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு இடத்திலும் முழுக்கச் சமமாகவும் இல்லை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. நடக்கிறபோது காலுக்கு மட்டும் தெரிகிற மேடு. புல் தடிமனாக, அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய் மீள்கிறது. கீழே தரை கெட்டி. கடற்காற்று மரங்களைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பாதி தளர்ந்துவிடுகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகெலே 2002-லிருந்து 2006 வரை ஐந்து வருடம் தொடர்ந்து, ஒவ்வொரு வருடமும் 4 கிலோமீட்டர், 12 கிலோமீட்டர் இரண்டையும் ஜெயித்திருந்தார். உலகப் போட்டியில் அந்த ஐந்து வருடத்தில் ஒரு தோல்விகூடக் கிடையாது. இப்படி ஒரு ஆதிக்கம் இனி யாருக்கும் அமையும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2007-லிருந்து குறுகிய ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள், 12 மட்டும்தான். போட்டிக்கு ஒரு மாதம் முன்னால்தான் பர்மிங்ஹாமில் 2000 மீட்டர் உள்ளரங்க உலக சாதனை படைத்திருந்தார். யார் இரண்டாவது வருவார் என்பதுதான் கேள்வி என்று நினைத்தவர்கள் பலர்.

கென்யாவுக்கோ இது வீட்டு விசேஷம். கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தப் போட்டி நடப்பது அதுவே முதல் தடவை. ஜான் நுகி ஐந்து தடவை, பால் டெர்காட் 1995 முதல் 1999 வரை வரிசையாக ஐந்து தடவை ஜெயித்த நாடு. 1986-லிருந்து 2003 வரை ஆண்கள் அணிப் பட்டத்தை யாரிடமும் விடவில்லை. ஆனால் டெர்காட்டுக்குப் பிறகு ஆண்கள் 12 கிலோமீட்டரில் தனிநபர் தங்கம் ஒரு கென்யரிடமும் வரவில்லை. சொந்த மண்ணில் பெகெலேயை வீழ்த்த வேண்டும் என்று ஊரே காத்திருந்தது.

வீழ்ந்தார். வீழ்த்தியவர் கென்யர் இல்லை.

30 டிகிரிக்கு மேல் வெயில், அதோடு கடலோரத்துக் கசகசப்பு. முன்னால் போன கூட்டம் சுற்றுக்குச் சுற்று இளைத்து, கடைசியில் பெகெலேயும் எரித்ரியாவின் செர்செனாய் தடேசேயும் மிஞ்சினார்கள். அந்த நிலையில் பெகெலேயை யாராவது தாண்டுவது அபூர்வம். கடைசி அரை கிலோமீட்டரில் அவர் பாய்ந்தால் அத்தோடு முடிந்தது. அன்றைக்குப் பாயவில்லை. கடைசிச் சுற்றில் தடேசே முன்னே போக, பெகெலே தடுமாறி, வேகம் குறைந்து, ஓட்டத்தையே விட்டுவிட்டு ஓரமாக விலகினார். தடேசே 35 நிமிடம் 50 விநாடியில் தனியாக வந்து சேர்ந்தார். 20 விநாடிக்கும் மேல் பின்னால் கென்யாவின் மோசஸ் மோசோப், அப்புறம் பெர்னார்ட் கிப்யேகோ. அணித் தங்கம் கென்யாவுக்கு.

"பெகெலே நின்றபோது இங்கே என்ன சத்தம் தெரியுமா?" என்றார் ம்சே. "கோல் போட்ட மாதிரி." சொல்லிவிட்டு கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்தப் பையனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. ஆனால் கத்தினோம்." எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டேன். மாமரம் ஒன்றைக் காட்டினார். அடியில் என்று நினைத்தேன். இல்லை, மேலே.

எரித்ரியா 1993-ல் எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்த நாடு. 1998-லிருந்து 2000 வரை இரண்டும் எல்லைக்காகக் கடுமையாகப் போரிட்டன. அந்தப் பின்னணியில் எத்தியோப்பியாவின் மாவீரனை ஒரு எரித்ரியர் முந்தினால் அவர்கள் தலைநகர் அஸ்மாராவில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தடேசே முதலில் சைக்கிள் வீரராகத்தான் ஆசைப்பட்டவர். இத்தாலியர் விட்டுப்போன சைக்கிள் மோகம் அந்த நாட்டில் இன்றும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் அவர் வாங்கிய வெண்கலம்தான் எரித்ரியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2005 உலக கிராஸ் கன்ட்ரியில் பெகெலேக்கு அடுத்து வெள்ளி. ஆக, இது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. பெகெலேயின் கடைசிப் பாய்ச்சலைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்னாலேயே அவரைக் களைக்கவைக்கிற ஓட்டம் ஓடினார்.

வெயில்தான் பெகெலேயைத் தோற்கடித்தது என்று சுருக்கமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தடேசேவும் மலைநாட்டுக்காரர். அஸ்மாரா 2300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே என்ன மொம்பாசா வெயிலா? மோசோப்பும் கிப்யேகோவும் பிளவுப் பள்ளத்தாக்குப் பக்கத்துக் குளிரில் வளர்ந்தவர்கள். எல்லோரும் ஒரே சட்டியில்தான் வெந்தார்கள். ஆனால் வெயில் ஒன்று செய்தது: பெகெலேயின் பலம் எதுவோ அதைப் பறித்தது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, வழிந்துதான் போகும். ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இதயம் ரத்தத்தைத் தோலுக்கும் அனுப்ப வேண்டும், தசைக்கும் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் போதாது. சீரான வேகத்தில் போகிறவர் எப்படியாவது சமாளிப்பார். பாய்ச்சலுக்குச் சேர்த்துவைத்தவரிடம் கடைசியில் சேமிப்பே இருக்காது.

சொல்வது சுலபம் என்று மாலை நாலு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு அதே சாலையில் ஓடிப் பார்த்தேன். மெரினாவில் தினம் ஓடுகிற ஆள் என்ற திமிர் எனக்கு உண்டு. ஆனால் மெரினாவில் விடிவதற்கு முன்னால் ஓடுவது, இது வேறு. பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டது, சாக்ஸுக்குள் சளக் சளக் என்று சத்தம். மரவள்ளி வறுத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து "போலே போலே" என்றாள். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அதைவிட மெதுவாக ஓட வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும்.

அன்றைய மற்ற ஓட்டங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. பெண்கள் பிரிவில் லோர்னா கிப்லகாட் ஜெயித்தார். கென்யாவில் பிறந்து நெதர்லாந்துக் குடியுரிமை வாங்கியவர். எத்தியோப்பியாவின் திருனேஷ் டிபாபா இரண்டாவது. ஜூனியர் ஆண்களில் ஆஸ்பெல் கிப்ரோப். மறு வருடத்துப் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் தங்கம், முதலில் வந்தவர் ஊக்கமருந்தில் சிக்கியதால், கிப்ரோப்புக்கு வந்தது. பத்து வருடம் கழித்து அதே ஊக்கமருந்து விவகாரத்தில் அவரே சிக்கி நான்கு வருடத் தடை வாங்கினார். என்ன சொல்வது.

திங்கள், மொம்பாசா

காலையில் ஃபோர்ட் ஜீசஸ். போர்ச்சுகீசியர் 1590-களில் கட்டியது, 1698-ல் ஓமானியர் பிடித்தது. முற்றுகை இரண்டு வருடத்துக்கும் மேல் நீடித்ததாம். நான் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். பழைய நகரத்துச் சந்துகளில் மரக்கதவுச் செதுக்கல்களும், பித்தளைக் கூஜாவில் விற்கும் கசப்புக் காப்பியும் கோட்டையைவிடப் பிடித்தன. தேங்காய்ப்பாலில் வேகவைத்த துவரையும், ஏலக்காய் வாசம் வீசும் மஹம்ரி என்ற பொரித்த ரொட்டியும்தான் இங்கே காலை உணவு. தேங்காய்ப்பால் போட்ட எதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

செவ்வாய்

முழுக்கப் பயணம். ரயில், டாக்ஸி, நைரோபியில் தூக்கம். எழுத ஒன்றும் இல்லை.

புதன், இடென்

நைரோபியிலிருந்து எல்டோரெட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம். அங்கிருந்து மட்டாட்டு வேனில் இடென். பதினான்கு பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஊர் 2400 மீட்டர் உயரம். ஒரே கடைத்தெரு, செம்மண் பாதைகள், கிழக்கே திடீரென்று தரை முடிந்து கேரியோ பள்ளத்தாக்கு விழுகிறது. ஊர் நுழைவாயில் வளைவில் 'சாம்பியன்களின் தாயகம்' என்று எழுதியிருக்கிறது. வேறு எந்த ஊராக இருந்தாலும் கொஞ்சம் ஓவர் என்று சொல்லியிருப்பேன்.

மொம்பாசாவில் ஜெயித்த லோர்னா கிப்லகாட் தொடங்கிய பயிற்சி முகாம் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். செயின்ட் பேட்ரிக் பள்ளிக்கும் போனேன். 1976-ல் புவியியல் ஆசிரியராக வந்த ஐரிஷ் கத்தோலிக்கத் துறவுச் சகோதரர் கோல்ம் ஓ'கானல், தடகளம் பற்றி எதுவும் தெரியாமலே பயிற்சியாளர் ஆனார். 1988 சியோலில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய பீட்டர் ரோனோ இந்தப் பள்ளிப் பையன். 800 மீட்டர் உலக சாதனையாளர் டேவிட் ருடிஷா ஓ'கானலிடம் பயின்றவர். வளாகத்தில் சாம்பியன்கள் பெயரில் மரங்கள் நட்டிருக்கிறார்கள்.

இரவு சாப்பாட்டோடு முர்சிக் கொடுத்தார்கள். சுரைக்குடுவையின் உட்புறத்தை எரிந்த மரக்கரியால் தேய்த்து, அதில் பாலை ஊற்றிப் பல நாள் புளிக்கவைப்பது. தயிரின் மேல் சாம்பல் நிறத்தில் கோடு கோடாகக் கரி மிதக்கிறது. முதல் வாயில் புகை, இரண்டாவது வாயில் புளிப்பு. பதக்கத்தோடு விமானம் இறங்குகிற வீரர்களை இதைக் குடிக்கவைத்துத்தான் வரவேற்பார்கள். மோர் குடித்து வளர்ந்தவன் என்பதால் முழுக்கக் காலி செய்தேன். பரிமாறிய அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், இன்னொரு டம்ளர் வந்தது.

வியாழன், இடென்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊருக்கு வெளியே செம்மண் சாலைச் சந்திப்பில் கூடுகிறார்கள். ஃபார்ட்லெக் ஓட்டம். ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் தளர்வு என்று மாறி மாறி. நூற்றுக்கும் மேல் இருப்பார்கள். உலகப் பட்டம் வாங்கியவரும், போன வாரம் பேருந்தில் வந்து இறங்கியவரும் ஒரே கூட்டத்தில் நிற்கிறார்கள், யார் எவர் என்று ஷூவை வைத்துக்கூடச் சொல்ல முடியாது. முன்னால் நின்ற ஒருவர் இன்றைய கணக்கைச் சொன்னார், கைக்கடிகாரங்கள் ஒரே சமயத்தில் 'பீப்' அடித்தன, கிளம்பிவிட்டார்கள். எனக்கு மிச்சம் புழுதி.

திரும்பி வந்த ஒரு பையன், இருபது வயது இருக்கும், வேலியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பேச்சுக் கொடுத்தேன். மொம்பாசா போய் வந்தேன், 2007 ஓட்டம் நடந்த இடத்தைப் பார்த்தேன் என்றேன். அவனுக்கு அந்த ஓட்டம் கேள்விப்பட்ட கதை. அதற்கு அடுத்த வருடம் எடின்பரோவில் பெகெலேயின் ஷூ கழன்று, நின்று மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து வந்து ஜெயித்ததும் தெரியும். அந்த ஓட்டத்தில் தடேசே மூன்றாவது என்பதும் தெரியும். 2017-ல் கம்பாலாவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் சொந்த மக்கள் முன்னால் கடைசிச் சுற்று வரை முன்னணியில் இருந்து, அப்படியே வற்றிப்போய் முப்பதாவதாக வந்ததைப் பற்றி அவனே ஆரம்பித்தான். "அவரும் ரெண்டு வருஷத்தில் ஜெயித்துவிட்டார்" என்றான்.

நீ மொம்பாசா போயிருக்கிறாயா என்று கேட்டேன். கடலையே பார்த்ததில்லை என்றான். போட்டி வைத்தால் போவாயா? கொஞ்சம் யோசித்தான். "தேர்வு செய்தால் போவேன். ஆனால் அங்கே எதற்கு வைக்க வேண்டும்? எல்டோரெட்டில் வைக்கச் சொல்லுங்கள்" என்றான்.

யாரிடம் சொல்ல? சொல்கிறேன் என்றேன். நாளை மதியம் விமானம்.